தலை, நடு, வால்: ஒரு சிறு வடிப்பாலைக்குள் நடப்பது

நகரத்துச் சிறு வடிப்பாலை ஒன்றுக்குள் நுழைந்தால் கண் நேராகச் செம்புக் கொப்பரைக்குத்தான் போகும். அதைப் பார்த்து முடித்ததும், குழாயின் மறுமுனையில் குளிர்விப்பானின் வாய்க்குக் கீழே நிற்கும் கண்ணாடிக் குடுவையையும் பாருங்கள். ‘பேரட்’ என்று அதைச் சொல்வார்கள். வடிந்து வரும் சாராயம் அதன் அடியில் புகுந்து மேலேறி, மூக்கு வழியாக வழியும். நடுவில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டர் என்ற கருவி மிதக்கும். அது காட்டும் எண் 75இலிருந்து மெல்ல இறங்கும்போது, எதை எடுப்பது, எதை ஒதுக்குவது என்று ஒருவர் முடிவு செய்துகொண்டிருப்பார். அந்த முடிவு ஏன் அத்தனை கடினம் என்று புரிய, தானியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பார்லியில் இருப்பது பெரும்பாலும் ஸ்டார்ச். ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது. தானியம் முளைக்கும்போது ஸ்டார்ச்சை வெட்டும் நொதிகள் உருவாகும். அந்த நேரத்தில் உலர்த்தி முளையை நிறுத்தினால் கிடைப்பது மால்ட். இதை உடைப்பதில் ஒரு பக்குவம் உண்டு. மாவாக அரைத்தால் உமி சிதைந்து வடிகட்டும் படுகை அடைத்துக்கொள்ளும். அரைகுறையாக உடைத்தால் ஸ்டார்ச் உள்ளேயே தங்கிவிடும். ஒரு கிலோவுக்குச் சுமார் 4 லிட்டர் வெந்நீர், கலந்தபின் 63 முதல் 65 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரம்: நொதிகள் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்குவது அப்போதுதான். குளிர்ந்த தானியம் சூட்டை இழுத்துக்கொள்வதால் நீரை 70 டிகிரிக்குக் கிட்டவே ஊற்றுவார்கள். அதிகச் சூடு பட்டுவிட்டால் பீட்டா அமைலேஸ் என்ற நொதி சிதைந்துவிடும். பிறகு ஆறவைத்தாலும் மீளாது. ஒரு சொட்டு அயோடின் கருநீலமாக மாறினால் ஸ்டார்ச் இன்னும் மீதமிருக்கிறது.

பீர் செய்பவர்கள் இந்தச் சர்க்கரைக் கரைசலைக் கொதிக்க வைப்பார்கள். சாராயத்துக்கான மால்ட் கரைசலை வழக்கமாகக் கொதிக்க வைப்பதில்லை. அதனால் நொதிகள் தொட்டிக்குள்ளும் வேலையைத் தொடரும். லாக்டிக் பாக்டீரியாக்களும் பிழைத்திருக்கும். அளவோடு இருந்தால் இந்தப் பாக்டீரியாக்கள் பழ வாசனைக்கு உதவும், ஈஸ்டை முந்திவிட்டால் சர்க்கரையைத் தின்று புளிக்க வைத்துவிடும். ஆகவே 20, 25 டிகிரிக்கு வேகமாகக் குளிர்வித்து உடனே ஈஸ்ட் சேர்ப்பது முக்கியம். மூன்று முதல் ஐந்து நாளில் 8 சதவீத ஆல்கஹால் கொண்ட ஊறல் தயார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 180 கிராம் குளுக்கோஸ் 92 கிராம் எத்தனாலையும் (சாராயத்தில் இருக்கும் ஆல்கஹால் இதுதான்) 88 கிராம் கார்பன் டை ஆக்சைடையும் தரும். 1000 லிட்டர் ஊறலில் 80 லிட்டர் எத்தனால், அதாவது சுமார் 63 கிலோ. கூடவே ஏறக்குறைய 60 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 30 கன மீட்டருக்கும் மேல். ஒரு சராசரி அறையை நிரப்பக்கூடிய அளவு இது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தரையோரம் தேங்கும். எச்சரிக்கை மீட்டரை முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தால் காரணம் இதுதான். தலைக்கு மேலே மாட்டிய மீட்டர் அலறும்போது காலம் கடந்திருக்கும்.

ஆல்கஹால் 78.4 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100இல் கொதிக்கும், ஆகவே 78இல் வைத்தால் ஆல்கஹால் மட்டும் வந்துவிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். கொப்பரை அப்படி நடந்துகொள்வதில்லை. 8 சதவீத ஊறல் 94 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கத் தொடங்கும். முதல் ஆவியில் ஆல்கஹால் கிட்டத்தட்ட பாதி, மீதி நீர். ஆல்கஹால் குறையக் குறையக் கொதிநிலை 100ஐ நோக்கி ஏறும், ஆவியின் வீரியம் இறங்கும். முதல் வடிப்பில் 1000 லிட்டர் ஊறல் 25 சதவீத வீரியமுள்ள 300 லிட்டராகச் சுருங்கும். அதை மறுபடி வடித்தால்தான் 70ஐத் தாண்டும். எத்தனை முறை வடித்தாலும் சாதாரண அழுத்தத்தில் 97 சதவீதத்துக்குச் சற்று மேலே சுவர்போல ஒரு எல்லை இருக்கிறது. அங்கே ஆவியும் திரவமும் ஒரே விகிதத்தில் இருப்பதால் பிரிவதற்கு ஒன்றுமில்லை.

செம்பு அழகுக்காக வைத்ததன்று. ஈஸ்ட் விட்டுச்செல்லும் கந்தகச் சேர்மங்கள் முட்டைக்கோஸை வேகவைத்த வாடையைத் தரும். ஆவி செம்பைத் தொடும்போது அவை உலோகத்தோடு வினைபுரிந்து அங்கேயே படியும். எஃகுக் கொப்பரையில் வடித்தால் அந்த வாடை சாராயத்தோடு வந்துவிடுகிறது. படிந்த கருமையைச் சிட்ரிக் அமிலத்தால் கழுவாவிட்டால் செம்பு வேலை செய்வது குறையும். கழுவக் கழுவத் தகடு தேயும். சில பத்தாண்டுகளில் பாகங்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கொப்பரையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஊறல் நுரைத்துக் கழுத்தேறினால் கலங்கலான திரவம் நேராகக் குளிர்விப்பானுக்குள் பாயும். கழுத்தில் வட்டக் கண்ணாடி ஜன்னல் இருப்பது நுரையைக் கவனிக்கத்தான். இன்னொரு விபத்து நேர்மாறானது: வடிப்பு முடிந்து எல்லா வால்வையும் மூடிவிட்டுக் கொப்பரையைக் குளிரவிட்டால், உள்ளே ஆவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தத்தில் தடித்த செம்பும் காலி டப்பாபோல நசுங்கிவிடும். காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்று மேலே கட்டாயம் இருக்க வேண்டும்.

இப்போது பேரட்டுக்குத் திரும்பலாம். இரண்டாம் வடிப்பில் முதலில் வரும் சில லிட்டர்கள் ‘தலை’. அசிட்டால்டிஹைடு, எத்தில் அசிட்டேட், நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் நெடி. பிறகு ‘நடு’: சுத்தமான தானிய வாசம், லேசான இனிப்பு. வீரியம் 60ஐ நெருங்கும்போது ஈரத் துணி, நனைந்த அட்டை வாடை எட்டிப்பார்க்கும், அது ‘வால்’. எந்த இடத்திலும் கோடு கிடையாது, ஒன்று மற்றொன்றில் கரைந்தே வரும். வாலைச் சீக்கிரம் வெட்டினால் தானியத்தின் குணமே தங்காது, தாமதித்தால் முழுத் தொகுதியும் நாறும். பல இடங்களில் சிறு சிறு ஜாடிகளில் வரிசையாகப் பிடித்து, மறுநாள் நீர் கலந்து முகர்ந்து பார்த்துத்தான் எவற்றைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கிறார்கள். அவசரப்படாத இந்த முறையே நல்லது. வடிக்கும் அறையில் நாலு மணி நேரம் நின்ற மூக்கை நம்ப முடியாது. ஒதுக்கிய வாலும் தலையின் ஒரு பகுதியும் அடுத்த வடிப்பில் கலக்கும்.

‘தலையைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும்’ என்று பரவலாகச் சொல்வார்கள். இது தவறு, ஆபத்தான தவறும்கூட. மெத்தனால் தனியாக 64.7 டிகிரியில் கொதிக்கும் என்பது உண்மை. ஆனால் நீரும் எத்தனாலும் கலந்த திரவத்தில் அது முதலிலிருந்து கடைசிவரை பரவியே வரும். தானிய ஊறலில் மெத்தனால் மிகக் குறைவு. அது பெரும்பாலும் பழங்களின் பெக்டினிலிருந்து உருவாவது. கண்ணையும் உயிரையும் பறிக்கும் சாராயச் சாவுகளில் காரணம் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலை யாரோ கலந்ததுதான். அதைக் கொப்பரையில் வெட்டி எடுத்துவிட முடியாது.

நடுவாகக் கிடைத்தது 68 சதவீதத்தில் 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதத்துக்கு இறக்கினால் 102 லிட்டர், 700 மில்லிப் புட்டிகளில் சுமார் 145. சுமார் 220 கிலோ மால்ட்டில் தொடங்கிய வேலையின் பலன் இவ்வளவுதான். 102 வேண்டுமென்றால் 42 லிட்டர் நீர் போதும் என்று தோன்றும். உண்மையில் 43க்கு மேல் வேண்டும். நீரும் எத்தனாலும் கலக்கும்போது மொத்தக் கன அளவு சுருங்குவதே காரணம். கலவை சூடாவதும் உண்டு. 20 டிகிரிக்கு அளவிட்ட ஹைட்ரோமீட்டர் 30 டிகிரியில் 40 சதவீதச் சாராயத்தைச் சுமார் 44 என்று காட்டும். ஆறவிடாமல் அளந்து நீரூற்றியவர்கள் அளவுக்கு மீறி நீர்க்கச் செய்து முழிப்பது இதனால்தான்.

ஜின் வேறு வழி. பல சிறு வடிப்பாலைகள் தனக்கென மணமோ சுவையோ இல்லாத 96 சதவீத நடுநிலைச் சாராயத்தைப் பெரிய ஆலையிலிருந்து வாங்கி, பாதிக்கு நீர்த்து, லிட்டருக்குச் சுமார் 20 கிராம் ஜூனிபர் என்ற வாசனைக் காய், அதில் பாதி கொத்தமல்லி விதை போட்டு ஊறவைத்து ஒருமுறை வடிக்கின்றன. நீர் கலக்கும்போது ஜின் பால்போலக் கலங்கினால் வாசனைப் பொருள்களின் எண்ணெய் கூடிவிட்டது என்று பொருள். நடுநிலைச் சாராயம் சேர்த்துத் தெளிய வைப்பார்கள்.

விஸ்கிக்கு ஓக் பீப்பாய் வேண்டும். 20 லிட்டர் பீப்பாயில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் மரப்பரப்பு, 200 லிட்டர் பீப்பாயைவிட இரண்டு மடங்கு. சில மாதங்களில் நிறமும் வெனிலா வாசமும் வந்துவிடும். ஆனால் ஆக்சிஜனோடு நடக்கும் மெதுவான மாற்றங்களுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. இளம் சாராயத்தின் காரமும் மரத்தூள் கசப்பும் ஒரே வாயில் தட்டுப்பட்டால், சின்னப் பீப்பாயில் அவசரமாக முதிர்த்தது என்று சந்தேகிக்கலாம்.

நகரத்துக்குள் இருப்பதால் வரும் சிக்கல்களும் உண்டு. காற்றில் எத்தனால் ஆவி 3.3 முதல் 19 சதவீதம் வரை இருந்தால் தீப்பற்றும். குளிர்விப்பானுக்கு ஓடும் நீர் நின்றுவிட்டால் ஆவி வெளியேறி, சில நிமிடங்களில் அறை அந்த நிலைக்குப் போகலாம். அதனால் நீர் நின்றதும் சூடும் தானாக நிற்க வேண்டும். வடித்தபின் கொப்பரையில் மிஞ்சும் சுமார் 700 லிட்டர் கழிவு சூடானது, புளிப்பானது, செம்பு கலந்தது. அப்படியே சாக்கடையில் விட முடியாது. பீப்பாய்க் கிடங்கை ஒட்டிய சுவர்களில் கரிபோல ஒரு பூச்சு படரும். அது புகைக்கரி அன்று, பீப்பாய்களிலிருந்து கசியும் எத்தனால் ஆவியின் துணையோடு வளரும் பௌடோய்னியா என்ற பூஞ்சை. பக்கத்து வீட்டுச் சுவர்வரை அது போய்விடுவதால், பல வடிப்பாலைகள் கொப்பரையை நகரத்தில் வைத்துக்கொண்டு பீப்பாய்களை ஊருக்கு வெளியே அடுக்குகின்றன.