‘சிறு படை மட்டும் அங்கே இருக்கட்டும்’ என்று சொல்லும்போது

கைகூடாத போரிலிருந்து வெளியே வரும்போது அரசுகள் வழக்கமாகச் சொல்வது இது: பெரும்படை திரும்பிவிடும், பயிற்சி கொடுக்கவும் கண்காணிக்கவும் ஒரு சிறு பிரிவு மட்டும் இருக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவர் நான். அந்தச் சிறு பிரிவில் இருந்துவிட்டு வந்தவர்களைப் பார்க்கப் பார்க்க, இந்த வாதத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஆப்கானிஸ்தானில் போர் நடவடிக்கை முடிந்தது என்று 2014 இறுதியில் அறிவித்தார்கள். கடைசி அமெரிக்க வீரர் விமானம் ஏறியது 2021 ஆகஸ்டில். இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே இருந்த ஒருவரிடம், என்ன வேலையாகப் போனீர்கள் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “முகாமைக் காவல் காத்தோம், டாக்டர்” என்றார். முகாம் எதற்கு? “நாங்கள் தங்குவதற்கு.” கண் கலங்கியிருந்தது. நண்பனைப் பறிகொடுத்தவர் அவர். எதற்காக இழந்தோம் என்று தெரிந்தால் மனம் மெல்ல ஆறும். காரணமே இல்லாத இழப்பை ஆற்றுவதுதான் எங்கள் வேலையில் ஆகக் கடினம்.

சிறு படை என்றால் சேதமும் சிறிது என்று நினைத்துவிட வேண்டாம். 2020 ஜனவரி 5 அன்று, அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று ஈராக் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. மூன்றே நாளில், அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த அங்குள்ள ஐன் அல்-அசாத் தளத்தின் மீது ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன. முன்னெச்சரிக்கை கிடைத்ததால் பலர் பதுங்கிக்கொண்டார்கள். யாருக்கும் பாதிப்பில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்புறம் மூளைக் காயம் உறுதியானவர்களின் எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. வெடிப்பின் அழுத்த அலை மூளையை உலுக்கிவிட்டுப் போகும். மேலே ஒரு கீறல்கூட இருக்காது, ஸ்கேனும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தலைவலி, தலைசுற்றல், வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, தூக்கமின்மை, சட்டென்று வரும் கோபம் எல்லாம் மெல்லத்தான் தெரியவரும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

எதிர்வாதம் வலுவானதுதான். 2011-இல் அமெரிக்கப் படைகள் ஈராக்கை விட்டுக் கிளம்பின, 2014-இல் அங்குள்ள மொசூல் நகரம் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் கையில் விழுந்தது, கொஞ்சம் பேராவது இருந்திருந்தால்? அதே ஆண்டு ஈராக் பிரதமர் அல்-அபாதி, ராணுவச் சம்பளப் பட்டியலில் 50,000 போலிப் பெயர்கள் இருந்ததாக அறிவித்தார். உள்ளுக்குள் அப்படி அரித்துப்போன படையைச் சில ஆயிரம் வெளிநாட்டு வீரர்கள் எத்தனை நாள் தாங்கிப் பிடித்திருக்க முடியும்? இன்னொரு பக்கம், சோவியத் படைகள் 1989 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானைவிட்டு முழுவதுமாக வெளியேறின. அவர்கள் ஆதரித்த நஜிபுல்லா அரசு உடனே கவிழ்ந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். சோவியத்திலிருந்து பணமும் ஆயுதமும் வந்துகொண்டிருந்தவரை அது நின்றது. உதவி நின்ற பிறகு, 1992 ஏப்ரலில் விழுந்தது. ஜெர்மனியையும் தென்கொரியாவையும் சிலர் காட்டுவார்கள். அங்கே துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன, தங்கவைத்த அரசும் படைகள் இருக்கட்டும் என்றது. தோற்ற போர்க்களத்தில் இந்த இரண்டும் அமைவது அரிது.

ஆகவே ‘சிறு படை’ என்ற பேச்சு வரும்போதெல்லாம் உங்கள் பிரதிநிதியிடம் கேளுங்கள்: அவர்களுடைய வேலை என்ன? அது முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? அந்த நாட்டு மக்கள் சம்மதித்தார்களா? 2024 ஜனவரியில் ஜோர்டானில் அமெரிக்கப் படை இருந்த டவர் 22 தளத்தில், வீரர்கள் தூங்கும் இடத்தின் மீது ட்ரோன் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அப்படி ஒரு தளம் இருப்பதே பலருக்கும் அன்றுதான் தெரிந்தது.

வீரர்களின் குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திரும்பி வந்தவரின் மருத்துவக் குறிப்பில் ‘காயம் இல்லை’ என்று இருந்தாலும், அருகில் குண்டு வெடித்ததா, எத்தனை முறை, அதன்பின் நினைவு தப்பியதா என்று கேட்டு எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.