டிப்ஸ் என்றால் பணிக்கொடை அல்ல

"பயணக் கட்டணத்தில் படகுப் பணியாளர்களுக்கான பணிக்கொடை அடங்காது." ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலில் முங்குவது) படகுகளின் தமிழ் விளம்பரங்களில் இந்த வரியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும் தாள்களிலும் இதே சொல்தான்.

மூலத்தில் இருப்பது கிராஜுவிட்டி. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பொருள் உண்டு. வேலையை விட்டுப் போகும்போது முதலாளி கொடுக்கும் தொகை ஒன்று. வேலை பிடித்துப்போய் வாடிக்கையாளர் கையில் கொடுப்பது இன்னொன்று, அதாவது டிப்ஸ். தமிழில் பணிக்கொடை என்பது முதலாவதுக்கு மட்டுமே உரிய சொல். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் அதற்கு ஐந்தாண்டு தொடர்பணி கேட்டது. எங்கள் குமரி மாவட்டத்துக் குளச்சல், கடியப்பட்டணம் பாறைகளில் முங்கிச் சிப்பி எடுத்துப் பழகிய பையன்கள் அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் படகு வேலைக்குப் போகிறார்கள். அப்படி ஒருவன் தாளை நீட்டி, "மாமா, அஞ்சு வருசம் நின்னாத்தான இது கெடைக்கும்?" என்று கேட்டான். வாராவாரம் கைக்கு வரவேண்டிய காசைத்தான் ஐந்து வருடம் கழித்து வருவதாக நினைத்திருக்கிறான்.

டிப் என்ற சொல்லின் கதை சிறியது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருடர்களின் குழூஉக்குறியில் அதற்குக் 'கொடு' என்று பொருள். அடுத்த நூற்றாண்டில் காசுக்குப் பெயரானது. மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று சுற்றிவரும் கதை பின்னால் கட்டியது. யோசனை என்ற பொருளிலும் டிப்ஸ் வழங்குவதால் 'பணியாளர் உதவிக்குறிப்புகள் சேர்க்கப்படவில்லை' என்று இயந்திரம் மொழிபெயர்க்கிறது. அதைப் படித்துப் பார்க்காமல் அச்சிடுகிறவர்களை என்ன சொல்ல?

என் வழக்கு முக்கியமாக 'அன்பளிப்பு' என்பதோடுதான். நல்ல தமிழ், காதுக்கும் இதம் என்கிறார்கள். கல்யாண வீட்டு மொய்க்கவரில் எழுதும் சொல் அது. உறவுக்கும் நட்புக்கும் உரியது, திருப்பிச் செய்யவேண்டிய கடனும் அதில் இருக்கிறது. டிப்ஸ் வாங்குகிறவர் திருப்பிச் செய்வதில்லை, அவர் செய்துமுடித்துவிட்டார். சிலிண்டரைச் சுமந்து, அலையில் ஆடும் ஏணியில் நம்மைப் பிடித்து ஏற்றி, நீருக்கடியில் நம் காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டே வந்த உழைப்புக்கு வந்த காசு அது. அதை அன்பில் கரைத்துவிட்டால், அன்பு இல்லாதவர் கொடுக்கவேண்டாம் என்றாகிறது. போதாததற்கு அலுவலகங்களில் லஞ்சத்துக்கும் 'அன்பளிப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். லஞ்சம் வேலைக்கு முன்னால் கேட்பது, டிப்ஸ் வேலைக்குப் பின்னால் கொடுப்பது. இந்த வேறுபாட்டை அந்தச் சொல் காட்டுவதில்லை.

சங்க இலக்கியக் 'கையுறை'யை மீட்கச் சொல்கிறார் ஒரு நண்பர். கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் பொருள் என்ற பழம்பொருள் அழகுதான். ஆனால் கையுறை என்றால் இன்று கிளவுஸ். பவளப்பாறைப் பகுதிகள் பலவற்றில் கையுறை போட்டு இறங்கவே தடை. அந்தப் படகில் இந்தச் சொல்லை எழுதுவது ஆபத்து. இனாமும் சரிவராது, அது இப்போது 'சும்மா' என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. கொடை என்றால் நம் மாவட்டத்தில் சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் நடக்கும் கோயில் விழா.

"சந்தோஷமா குடுக்கிறதக் குடுங்க" என்று நம் சனம் சொல்கிறதே, அதிலேயே சொல் இருக்கிறது: சந்தோஷக்காசு. வடசொல் வேண்டாம் என்பவர் மகிழ்காசு எனட்டும், எனக்குத் தெளிவுதான் முதலில். இதுவும் விருப்பத்தைத்தானே சொல்கிறது என்று கேட்கலாம். உண்மைதான், டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவது, ஆனால் வழக்குப் போட்டு வாங்க முடியாதது. எவ்வளவு என்பது ஊர்வழக்கு. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு சிலிண்டருக்கு, அதாவது ஒரு முங்கலுக்கு, 5 முதல் 10 டாலர் என்பது பரவலான கணக்கு. செங்கடலில் வாரக்கணக்கில் தங்கும் படகுகளில் கடைசி நாள் டிப்ஸ் போட ஒரு கவர் வைப்பார்கள். சமையல்காரர், காற்று நிரப்புகிறவர், டிங்கி என்னும் சிறுபடகு ஓட்டுகிறவர் எல்லோரும் அதைப் பங்கு வைப்பார்கள். வழிகாட்டிக்குப் பெரும்பாலும் தனிக் கவர்.

ஆகவே அந்த விளம்பர வரியை இப்படி எழுதலாம்: "படகு ஆட்களுக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கும் சந்தோஷக்காசு (டிப்ஸ்) கட்டணத்தில் சேராது, பயண முடிவில் நேரில் கொடுங்கள்."