ஸ்கோப் ஜீரோ: எந்தத் தூரத்தில் வைப்பது?

"300 மீட்டர் வரை சுடப் போகிறேன், 300-லேயே ஜீரோ வைத்துவிடலாமா?" ரைஃபிளில் புதிதாக ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஜீரோ வைப்பது என்றால், ஒரு குறிப்பிட்ட தூரத்தில் குறுக்குக் கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது. வேண்டாம் என்பதே எங்கள் பதில்.

ஸ்கோப், குழலுக்குச் சுமார் 4 செ.மீ. மேலே உட்கார்ந்திருக்கிறது. குண்டு பார்வைக் கோட்டுக்குக் கீழிருந்து கிளம்பி, அதைக் கடந்து ஏறி, பிறகு இறங்கும்போது மறுபடி கடக்கிறது. ஜீரோவைத் தள்ளி வைக்க வைக்க, நடுவழியில் குண்டு அவ்வளவு உயரமாகப் போகும். .308 ரைஃபிளில் 168 கிரெய்ன் (ஏறக்குறைய 11 கிராம்) குண்டு, வினாடிக்கு 800 மீட்டர் வேகம் என்று கணக்கிட்டால், 300 மீட்டர் ஜீரோவில் அது 100 மீட்டரில் ஏறக்குறைய 17 செ.மீ. மேலே, 200-ல் 20 செ.மீ. மேலே படும். நடுத்தூர இலக்கு முழுவதுமே தவறிப்போக இது போதும். போதாக்குறைக்கு, 300 மீட்டரில் காற்றும் கையும் சேர்ந்து குரூப்பை, அதாவது ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் பட்ட இடங்களின் கூட்டத்தை, பரப்பிவிடும். அந்தப் பரப்பில் நடு எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அதே ரைஃபிளை 100 மீட்டரில் ஜீரோ செய்து பாருங்கள். 50-லிருந்து 100 மீட்டர் வரை குண்டு பார்வைக் கோட்டை விட்டு ஒரு செ.மீ. அளவுகூட விலகுவதில்லை. தூரத்தை ஐந்து பத்து மீட்டர் தவறாகக் கணித்தாலும் பெரிய பாதகமில்லை. 200-ல் சுமார் 14 செ.மீ., 300-ல் அரை மீட்டர் இறங்கும். அதை ஸ்கோப்பின் திருத்தக் குமிழான டரட்டைத் திருகியோ, ஸ்கோப்புக்குள் தெரியும் ரெட்டிகிள் கோடுகளை வைத்தோ ஈடுகட்டலாம். டரட்டைத் தொடாமலே சுட விரும்புபவர் 200 மீட்டர் ஜீரோவை எடுத்துக்கொள்ளலாம். 100-ல் 7 செ.மீ. மேலே படும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

.22 எல்ஆர் என்ற சிறிய தோட்டாவுக்கு 50 மீட்டர் போதும். அந்தக் குண்டு மெதுவானது; 50-ல் ஜீரோ வைத்தாலே 100-ல் சுமார் 20 செ.மீ. இறங்கிவிடும். .22-க்கென்று வரும் ஸ்கோப்புகளில் பாரலாக்ஸும் (கண் நகர்ந்தால் குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகர்வதுபோலத் தெரியும் பிழைக்கான திருத்தம்) பெரும்பாலும் அந்தத் தூரத்தை ஒட்டியே அமைக்கப்பட்டிருக்கும்.

அதற்காக, முதல் தோட்டாவையே 100 மீட்டரில் சுடாதீர்கள். சரிசெய்யாத ஸ்கோப்போடு சுட்டால் குண்டு இலக்கு அட்டையிலேயே படாமல் போகலாம்; .22 குண்டுகூட ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, மணல் பைகளில் அசையாமல் வைத்து, குழல் வழியே இலக்கைப் பார்த்து குறுக்குக் கோட்டை அதோடு பொருத்துங்கள். பிறகு 25 மீட்டரில் சுடுங்கள். பலர் இங்கே குறியிலேயே பட்டதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். மேலே சொன்ன .308 அப்படிச் செய்தால் 100-ல் 6 செ.மீ. மேலே படும். 25-ல் குறிக்கு ஒன்றரை செ.மீ. கீழே படுவதுதான் சரி. இந்த அளவு ஸ்கோப்பின் உயரத்தைப் பொறுத்து மாறும்.

100-க்குப் போனதும் மூன்று தோட்டா, முடிந்தால் ஐந்து சுட்டு, குரூப்பின் நடுவிலிருந்து அளந்து திருத்துங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் டரட்டைத் திருகுவது வெறும் சிதறலைத் துரத்துவதுதான். டரட்டின் ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்தும் என்பது மில் அல்லது எம்ஓஏ என்ற கோண அளவில் குறிக்கப்பட்டிருக்கும். 0.1 மில் கிளிக் 100 மீட்டரில் 1 செ.மீ. நகர்த்தும், கால் எம்ஓஏ கிளிக் 7 மி.மீ.; 25 மீட்டரில் இவை நான்கில் ஒரு பங்கு. குரூப் காரணமில்லாமல் இடம் மாறிக்கொண்டே இருந்தால் டரட்டை விடுங்கள், ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங் திருகுகளைப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவில் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்க வேண்டும்.

ஜீரோ அமைந்ததும் டரட் எண்ணை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, தோட்டாவின் வகை, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), வெப்பநிலை மூன்றையும் எழுதி வையுங்கள். தோட்டா மாறினாலோ, ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினாலோ, ரைஃபிள் கீழே விழுந்தாலோ மறுபடி 100-ல் ஒரு குரூப் சுட்டுப் பாருங்கள்.