ஒரு சொல் கேட்டதும் எத்தனை பொருள் விழிக்கிறது?

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற சின்னஞ்சிறு சொல்லைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன், தேர்தலில் நின்றாலும் ரன். இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டா பேசுகிறார்கள்? கேட்பவருக்குக் குழப்பம் வராதா?”

குழப்பம் வரவேண்டிய சொல்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இதைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவருக்கு, இந்த ஒரு சொல்லுக்கே ஏறக்குறைய ஒன்பது மாதம் பிடித்தது. வினைச்சொல்லாக மட்டும் அவர் பிரித்துக் கொடுத்த பொருள்கள் 645. அதற்கு முன்பு ‘அதிகப் பொருள் கொண்ட சொல்’ என்ற பட்டத்தை வைத்திருந்தது ‘செட்’. 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்குச் சுமார் 430 பொருள் இருந்தது.

இவ்வளவு பொருள் எப்படிச் சேர்ந்தது என்பதில் பெரிய மர்மம் கிடையாது. நம் ‘ஓடு’ என்ற சொல்லையே பாருங்கள். பிள்ளை ஓடுகிறான், ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, மனசுக்குள் ஏதோ ஓடுகிறது, கவலையில் ஒன்றுமே ஓடவில்லை. காலால் ஓடுவதில் தொடங்கிய சொல், நகர்வது எல்லாவற்றிலும் தொற்றிக்கொண்டு, நகராத மனசு வரை வந்துவிட்டது. ‘ரன்’ போன வழியும் இதுதான். ஆலைகள் வந்தபோது இயந்திரம் ஓடியது, கணினி வந்தபோது நிரல் ஓடியது. ஒவ்வொரு புதுப் பொருளும் பக்கத்துப் பொருளின் தோளில் ஏறித்தான் வந்தது.

ஆனால் அதே ‘ஓடு’ கூரையிலும் இருக்கிறது, ஆமையின் முதுகிலும் இருக்கிறது. அதற்கும் ஓட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலத்தில் ‘பேங்க்’ அப்படி. ஆற்றங்கரையைக் குறிப்பதும் பணம் போடும் இடத்தைக் குறிப்பதும் வெவ்வேறு வழியில் ஆங்கிலத்துக்குள் வந்து, ஒரே ஒலியில் வந்து நின்றவை. இந்த வித்தியாசம் மூளைக்கும் தெரிகிறது. ஒன்றோடொன்று உறவுள்ள பல பொருள்கள் கொண்ட சொல்லை மூளை சீக்கிரம் அடையாளம் காண்கிறது. உறவே இல்லாத பொருள்கள் கொண்ட சொல்லில் தடுமாறுகிறது. ஜெனிஃபர் ராட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் 2002இல் இதைக் காட்டினார்கள்.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஒரு சொல் காதில் விழுந்ததும், சரியான பொருளை மூளை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? சட்டென்று தோன்றும் விடை இது: முன்னால் வந்த பேச்சு எதைப் பற்றியது என்று மூளைக்குத் தெரியும், ஆகவே அதற்குப் பொருந்தும் பொருளை மட்டும் எடுக்கும், மற்றவை பக்கம் போகவே போகாது. நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு என்று உளவியல் ஆய்வாளர் டேவிட் ஸ்வின்னி 1979இல் காட்டிய விதம் அவ்வளவு அழகு.

அவர் எடுத்துக்கொண்ட சொற்களில் ஒன்று ‘பக்’. அதற்குப் பூச்சி என்றும் பொருள், ஒளித்துவைத்து ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள். காதில் ஒலிக்கருவி மாட்டியவருக்கு ஒரு சிறுகதைபோலச் சில வரிகள் ஓடும்: அரசுக் கட்டடம் ஒன்றில் நெடுநாளாகத் தொல்லை, அறையின் மூலையில் அந்த மனிதர் சிலந்தி, கரப்பான், மற்றும் பல ‘பக்’குகளைக் கண்டார். சிலந்தியும் கரப்பானும் வந்தபிறகு அது பூச்சிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ‘பக்’ என்ற ஒலி முடிகிற அதே கணத்தில் எதிரே திரையில் ஓர் எழுத்துக்கூட்டம் தோன்றும். அது உண்மையான சொல்லா, அர்த்தமில்லாத எழுத்துக் கோவையா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். பொருளைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மனத்தில் ஒரு கருத்து ஏற்கெனவே விழித்திருந்தால், அதற்கு உறவான சொல்லை நாம் சற்று வேகமாக அடையாளம் காண்போம். மருத்துவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பவர் கண்ணில் ‘செவிலி’ சீக்கிரம் படும். எனவே பொத்தானை அழுத்திய வேகத்தை அளந்தால், அந்தக் கணத்தில் மனத்துக்குள் எவை விழித்திருந்தன என்று தெரிந்துவிடும். ஆளைக் கேட்க வேண்டியதில்லை. கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது.

திரையில் ‘எறும்பு’ வந்தபோது வேகமாக அழுத்தினார்கள். எதிர்பார்த்ததுதான். ‘ஒற்றன்’ வந்தபோதும் வேகமாகவே அழுத்தினார்கள்! எந்தச் சம்பந்தமும் இல்லாத ‘தைத்தல்’ என்ற சொல்லுக்கு மட்டும் அந்த வேகம் இல்லை. அதாவது, சிலந்தியும் கரப்பானும் முன்னால் வந்து வழிகாட்டியும், ஒட்டுக்கேட்கும் கருவி என்ற பொருள் அந்த நொடியில் உள்ளே விழித்திருக்கிறது. கேட்டவருக்கு அது தெரியவே தெரியாது.

அப்புறம் அதே சோதனையில் ஒரே ஒரு மாற்றம். எழுத்துகளை உடனே காட்டாமல், இன்னும் மூன்று அசை ஒலித்தபிறகு காட்டினார். இப்போது எறும்புக்கு மட்டும் வேகம் இருந்தது. ஒற்றன் உறங்கிவிட்டான். அதே ஆண்டு டானென்ஹவுஸ் குழுவினர் ‘ரோஸ்’ என்ற சொல்லை வைத்துச் சோதித்தார்கள். அது பூவையும் குறிக்கும், ‘எழுந்தான்’ என்ற வினையாகவும் வரும். வாக்கியம் எதை வேண்டினாலும் இரண்டு பொருளும் முதலில் விழித்தன; நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் கழித்துப் பொருத்தமானது மட்டும் நின்றது.

இதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் எத்தனை சொல் காதில் விழும்! ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கூட்டமாகப் பொருள்கள் எழுந்து, கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஒன்றைத் தவிர மற்றவை படுத்துக்கொள்கின்றன. நமக்குக் கேட்பதென்னவோ தெளிவான ஒரே பேச்சு.

எல்லாவற்றையும் எழுப்பிப் பிறகு அடக்குவது வீண்வேலை மாதிரி தோன்றலாம். ஆனால் பேச்சு நமக்காக நிற்பதில்லை. ‘மாலை வந்ததும் அவர் கழுத்தில் போட்டார்கள்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். பாதிவரை அது பொழுது சாய்ந்த மாலை. ‘கழுத்தில்’ வந்ததும் பூமாலை. இடையில் ஒரு சிறு தடுக்கல் இருந்திருக்குமே, அதுதான் அடங்கிப்போன பொருளை மறுபடி தட்டி எழுப்பும் செலவு. அருகிய பொருளில் வரும் சொல்லிலும் இதே கதை. முன்வந்த வரிகள் அந்தப் பொருளுக்கே வழிவிட்டிருந்தாலும், படிப்பவர் கண் அங்கே சற்றுக் கூடுதலாகத் தங்குகிறது. கண்ணசைவை அளந்து டஃபி, மோரிஸ், ரெய்னர் ஆகியோர் 1988இல் இதைக் கண்டார்கள். வழக்கமான பொருள் கூப்பிடாமலே முன்னால் வந்து நிற்பதுதான் காரணம்.

‘ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் இருக்கும் மொழிதான் அறிவியல் மொழி’ என்று பெருமை பேசும் பதிவுகள் அடிக்கடி சுற்றுகின்றன. அதை ஒரு மூடநம்பிக்கை என்றே சொல்வேன். அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பொருளும் அதிகம் என்று மொழி ஆய்வாளர் ஸிப்ஃப் 1945இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். குறுகிய, எளிதில் வாயில் வரும் சொற்களையே மொழி திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்கிறது என்று பியான்டடோசி குழுவினர் 2012இல் ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளை வைத்து விளக்கினார்கள். சூழல் பாதி வேலையைச் செய்துவிடும்போது, 645 பொருளுக்கும் தனித்தனி நீளச் சொல் எதற்கு? இன்னொன்றும் மனத்தில் உறுத்துகிறது. ஸ்வின்னியின் சோதனைக்கு வேண்டியிருந்தது ஓர் ஒலிநாடா, ஒரு திரை, நேரத்தை அளக்கும் பொத்தான். அப்படியொரு எளிய ஆய்வை நம் மொழியிலேயே செய்யலாம். வினை கடைசியில் வரும் தமிழ் வாக்கியத்தில், மாலையின் இரு பொருளும் எவ்வளவு நேரம் விழித்திருக்கும்? பெரிய கருவிகளுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு துளி இதற்கும் வர வேண்டும்.

அந்த ஆய்வுக்கான முதல் அடியை நம்மவர்கள் எப்போதோ எடுத்துவைத்துவிட்டார்கள். பல பொருள் ஒரு சொல்லின் பொருள் எதனால் தெளியும் என்று தொல்காப்பியம் மூன்றைச் சொல்கிறது: வினை, இனம், சார்பு. ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடியது’ என்றால் விலங்கு, வினை காட்டிக்கொடுக்கிறது. கூட வரும் இனச்சொற்கள் காட்டிக்கொடுக்கும், பேச்சின் சூழல் காட்டிக்கொடுக்கும். கணினிகள் இந்த இடத்துக்கு வர வெகுகாலம் ஆனது. கணினிக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லையும் ஓர் எண்வரிசையாக மாற்றும் முறைகளில் ஒன்று, 2013இல் வந்த ‘வேர்ட்டுவெக்’. அது ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசைதான் கொடுத்தது. ஆற்றங்கரையும் பணம் போடும் இடமும் அதில் கலந்து கிடந்தன. 2018இல் வந்த ‘பெர்ட்’ போன்ற கணினி மொழி மாதிரிகள்தான் அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்து, ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சொல்லுக்குப் புது எண்வரிசை போட்டன.

வாசகிக்கு என் பதில்: 645ஐயும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை, அகராதி எழுதியவர்கூடச் செய்திருக்க மாட்டார். ‘ரன்’ வரும் வாக்கியங்களை மூக்கு, கடை, தேர்தல் என்று அதனதன் கூட்டாளிகளோடு சேர்த்துப் படியுங்கள். ‘ஒன்றுமே ஓடவில்லை’ என்று நீங்கள் சொல்லும்போது காலைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று யாரும் நினைப்பதில்லையே.