பிறர் மௌஸின் வேகத்தில் கை வைக்கும் முன்

நிரலை மூடினாலும் அது செய்த மாற்றம் அப்படியே நிற்கும் இடங்கள் சில உண்டு. மௌஸ் சுட்டியின் முடுக்கம் அதில் ஒன்று. பினாங்கு பாயான் லெப்பாசில் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

லினக்ஸ் போன்ற கணினிகளில் திரையையும் மௌஸையும் கையாளும் எக்ஸ் விண்டோ அமைப்பில் எக்ஸ்-சேஞ்ச்-பாயிண்டர்-கண்ட்ரோல் என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. அசைவை எத்தனை மடங்காக்குவது என்ற முடுக்கத்தைப் பின்னமாகவும், அது தொடங்கும் எல்லையான வாசலை பிக்சலாகவும் கேட்கும். வழக்கமான மதிப்பு 2/1, வாசல் 4. எக்ஸ் அமைப்பின் நிரலகமான எக்ஸ்லிப்பின் கையேட்டின்படி, ஒரே அசைவில் வாசலைத் தாண்டிய பகுதி மட்டும்தான் பெருக்கப்படும். 3 பிக்சல் அசைத்தால் 3தான். 10 அசைத்தால் முதல் 4 அப்படியே, மீதி 6 இரட்டிப்பாகி மொத்தம் 16.

சோதனை மேசையில் போர்டு படத்தைப் பெரிதாக்கி, சால்டரிங் கோளாறைக் கட்டம் போட்டுக் காட்டும் அக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, காலையில இருந்து மௌஸ் நிக்கவே மாட்டேங்குது. புள்ளிய தாண்டி ஓடுது.” வேறு மௌஸ் மாட்டியும் அதே கதை. முந்தைய ஷிப்ட்டில் ஓடிய வேறொரு மென்பொருள் 4/1, வாசல் 1 என்று வைத்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கணக்கில் 3 பிக்சல் அசைவு 9 ஆகிவிடும். நுணுக்கமான வேலைக்கு இது பெரிய தொல்லை. நாள் முழுக்க மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து வேலை செய்பவர்களுக்கு வலியும் சேரும்.

இந்த மதிப்பு திரையை நடத்தும் எக்ஸ் சர்வர் என்ற நிரலில் இருக்கிறது, உங்கள் நிரலில் இல்லை. அதனால் மேசையில் ஓடும் எல்லாவற்றுக்கும் அதுதான். மாற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் எக்ஸ்-கெட்-பாயிண்டர்-கண்ட்ரோல் மூலம் பழைய மதிப்பைப் படித்து வையுங்கள், வெளியேறும்போது அதையே திருப்பிக் கொடுங்கள். -1 கொடுத்தால் சர்வரின் இயல்பு மதிப்பு வரும், பயனர் தனக்கென்று வைத்திருந்தது வராது. இடையில் அவரே அமைப்பை மாற்றியிருந்தால் அதன் மேல் எழுதாதீர்கள். நிரலைக் கில் செய்து நிறுத்தினால் இந்த ஒழுங்கு எதுவும் ஓடாது. ஆகவே என் கருத்து இதுதான்: தொடவே தொடாதீர்கள். படத்தைப் பெரிதாக்க ஒரு வசதி கொடுங்கள், அல்லது அம்பு விசையால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்த விடுங்கள்.

விண்டோசிலும் இதே கவனம் தேவை. அங்கே அமைப்புகளை மாற்றும் சிஸ்டம்-பாராமீட்டர்ஸ்-இன்ஃபோ என்ற செயற்கூறில் மௌஸ் வேகம் 1 முதல் 20 வரை, இயல்பாக 10. கடைசி அளபுருவில் பயனர் சுயவிவரத்தில் எழுதச் சொல்லும் கொடியை (ஃபிளாக்) சேர்த்தால், கணினியை அணைத்துப் போட்டாலும் மாற்றம் போகாது. பலர் அதை யோசிக்காமல் ஒட்டிவிடுகிறார்கள். அங்கே 0 போதும்.

புதிய லினக்ஸில் மௌஸ் போன்ற உள்ளீட்டுச் சாதனங்களைக் கையாளும் லிப்இன்புட் வந்துவிட்டதால் அந்தப் பழைய எக்ஸ் அழைப்பு பெரும்பாலும் பலிக்காது. வேகம் -1 முதல் 1 வரை ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாக அமைகிறது. எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலேண்டில் சாதாரண நிரலுக்கு அந்த உரிமையே கிடையாது, திரையை நடத்தும் கம்பாசிட்டர் என்ற நிரல்தான் தீர்மானிக்கும். அது நல்லதுதான்.