வலித்தால்தான் கேட்கும் என்று யார் சொன்னது?

நேற்று வந்த அம்மாவுக்கு 72 வயது. முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இரத்தம் கன்றி, ஓரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபிரஷர், அதாவது உடலில் குறிப்பிட்ட புள்ளிகளை அழுத்தும் முறை, என்று பத்து நாளாகக் கரண்டிக் காம்பால் அழுத்திக்கொண்டாராம். “வலித்தால்தானே நோய் கேட்கும், டாக்டர்?” என்கிறார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்! இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது.

அக்குபிரஷர் மீது எனக்குப் பகை இல்லை. 50 வயது கடந்த 314 பேரிடம் ஹாங்காங்கில் நடந்த ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. முறையாகக் கற்று, தினமும் இரண்டு வேளை தாங்களே அழுத்திக்கொண்டவர்களுக்கு 12 வாரத்தில் மற்றவர்களைவிட வலி குறைந்திருந்தது. வலியைப் பத்துக்கு அளந்தால் ஏறத்தாழ அரைப் புள்ளி. பலன் உண்டு, ஆனால் சிறியது. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் திரும்ப வளராது.

வலிக்க வலிக்க அழுத்தினால் பலன் கூடும் என்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. வயதானவர்களின் தோல் மெலிந்தது, இரத்தக் குழாய்கள் எளிதில் உடைபவை. கன்றிப்போவது நோய் வெளியேறும் அடையாளம் அல்ல, அது காயம். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினால் தொடைத் தசை இறுகுமே தவிரத் தளராது. முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே உருண்டையாக ஒரு எலும்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிப் பாதத்தைத் தூக்கும் நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. புள்ளி தேடுகிறேன் என்று அங்கே குத்தினால் பாதம் மரத்துப்போகலாம்.

பெருவிரல் போதும். பேச்சு தடைப்படாத அளவு அழுத்தம், ஒரு புள்ளிக்கு இரண்டு மூன்று நிமிடம். முழங்காலின் பின்குழியைத் தொடாதீர்கள். மூட்டு சிவந்து சூடாக இருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ அழுத்தாமல் மருத்துவரிடம் போங்கள். ஒரு கால் கெண்டை மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே போங்கள். உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

அழுத்துகிறோமே என்று உடற்பயிற்சியை விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. மூட்டைத் தாங்குவது தொடைத் தசை. நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். அந்த அம்மாவுக்கு நேற்று மூன்றாவது முறையிலேயே தொடை நடுங்கியது. பத்து நாளாகக் கரண்டிக்குக் கொடுத்த நேரத்தை இதற்குக் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.