ஆஸ்டியோபதி ‘எலும்பு மருத்துவம்’ ஆகுமா?

ஆஸ்டியோபதி என்பது இறுகிய மூட்டையும் தசையையும் கையாலேயே அசைத்துச் சீராக்கும் முறை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆஸ்டியோபதி ஆசிரியர் ஒருவர் வகுப்பெடுக்க வந்தால் போதும், தமிழ் அறிவிப்பில் அவர் ‘எலும்பு மருத்துவ நிபுணர்’ ஆகிவிடுகிறார். அகராதியை அப்படியே நம்புகிறவர் கையில் சிக்கினால் ‘எலும்பு நோயியல் பேராசிரியர்’. இரண்டும் தப்பு. முதலாவது ஆபத்தான தப்பு.

ஆஸ்டியோபதி என்ற சொல்லை உண்டாக்கியவர் அமெரிக்கரான ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1874-இல் தம் முறையை அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் பள்ளி தொடங்கினார். கிரேக்கத்தில் ‘ஆஸ்டியோன்’ எலும்பு, ‘பாத்தோஸ்’ துன்பம். ‘பதி’ என்று முடியும் சொல் நோயையும் குறிக்கும், மருத்துவ முறையையும் குறிக்கும். நியூரோபதி என்றால் நரம்பு நோய். ஹோமியோபதியோ ஒரு மருத்துவ முறை. ஆஸ்டியோபதி இரண்டாவது வகை. பிறப்புக் கதை இவ்வளவுதான்.

‘எலும்பு மருத்துவம்’ என்று போர்டில் எழுதினால் நம் ஊர்க்காரருக்கு என்ன தோன்றும்? ஜிப்மரில் மாவுக்கட்டு போடும் பிரிவு, இல்லையென்றால் புத்தூர் கட்டு. பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கியவர் நேரே அங்கே போய் நிற்பார். முறிந்த எலும்பில் ஆஸ்டியோபதிக்காரர் கை வைக்கக் கூடாது. எலும்பு மெலிந்தவர், எலும்பில் புற்று பரவியவர் முதுகைச் சொடுக்குவதும் கூடாது. முதுகுவலியோடு கால் மரத்து, சிறுநீர் போவதும் தெரியாமல் வருகிறவரை அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

முறிவு, கோணல் பார்க்கும் துறைக்கு ‘முடநீக்கியல்’ என்ற நல்ல சொல் இருந்தது. அதைக் கைவிட்டு ‘எலும்பியல்’, ‘எலும்பு மருத்துவம்’ என்று ஆளாளுக்கு எழுதப்போய்த்தான் இத்தனை குழப்பமும். மொழிபெயர்ப்பவர் சிகிச்சையை ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தாலே எலும்பு என்ற சொல்லை விட்டிருப்பார்.

நோயாளியை முதுகு காட்டி நிற்க வைத்து, இடுப்பின் பின்புறம் இரு பக்கமும் துருத்தும் எலும்பு முனைகளுக்குக் கீழே கட்டைவிரல்களை வைக்கிறார்கள். மெல்லக் குனியச் சொன்னால், எந்தப் பக்க விரல் முந்தி மேலேறுகிறதோ அந்தப் பக்க மூட்டில் இறுக்கம் இருக்கலாம் என்று கணக்கு. தொடையின் பின்தசை இறுகியிருந்தால் காலைத் தடை தட்டும் வரை தூக்கி, நோயாளியைச் சுமார் 5 விநாடி லேசாக எதிர்த்து அழுத்தச் சொல்லி, தளர்ந்ததும் இன்னும் சற்றுத் தூக்குவார்கள். இப்படி 3 முதல் 5 முறை. நோயாளி முழு பலத்தையும் காட்டினால் வேறு தசைகள் உதவிக்கு வந்து வேலை கெட்டுப்போகும். மூட்டைச் சொடுக்கும்போது கேட்கும் ‘டக்’ கூட எலும்பின் சத்தம் அல்ல, மூட்டு நீரில் வாயுக்குமிழி உண்டாகும் சத்தம்.

போட்டிச் சொற்களில் ‘கை மருத்துவம்’ உதவாது. கை வைத்தியம் என்றால் சுக்குக் கஷாயம். ‘வர்மம்’, ‘தொக்கணம்’ சித்த மருத்துவத்துக்குச் சொந்தம்; தொக்கணத்துக்குத் தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று ஒன்பது வகையே உண்டு. இரவல் வாங்கி மங்கச் செய்ய வேண்டாம். ‘இயன்முறை மருத்துவம்’ பிசியோதெரபிக்குப் போய்விட்டது.

தேடுவது மூட்டும் தசையும் அசையாமல் சிக்கும் இடத்தை. செய்வது அதைச் சீராக்குவது. ஆகவே ‘அசைவுச் சீர்முறை’ என்பேன். செய்பவர் சீர்முறையாளர், கற்பிப்பவர் சீர்முறை ஆசிரியர். ‘மருத்துவர்’ என்பதை வேண்டுமென்றேதான் தவிர்க்கிறேன். அமெரிக்காவில் இத்துறைப் பட்டதாரி மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமை பெற்ற முழு மருத்துவர். அவரை அப்படியே சொல்லலாம். பிரான்சில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது பட்டப்பெயரைத்தான். 5 ஆண்டு, 4,860 மணி நேரம் படித்து வந்தவரும் அதனால் மருத்துவர் ஆகிவிடுவதில்லை. கழுத்தைச் சொடுக்க அங்கே மருத்துவர் சான்று வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் தலை, முகம், முதுகெலும்பில் கை வைக்கவும் அப்படியே.

அறிவிப்பில் ‘அசைவுச் சீர்முறை (ஆஸ்டியோபதி) ஆசிரியர்’ என்று போட்டு, கீழே ‘எலும்பு முறிவுக்குச் சிகிச்சை இல்லை’ என்று ஒரு வரி சேர்க்கட்டும்.